ஒன்றரை கிராம் மருந்து

சுவைஹான் சாலையை விட்டு உள்ளே பதினோரு கிலோமீட்டர்.
தீவனக் கிடங்கில் இன்று ஏசி ஓடுகிறது,
டாக்டர் நிஸார் வந்திருக்கிறார்.
மேசைமேல் மூன்று பெட்டிகள், ஒரு தராசு.

பெரிய துப்பாக்கிக்கு உரிமத்தாள் வரவில்லை.
இருப்பது இதுதான், சுண்டுவிரல் நீளக் கூடு.
தோட்டா வேறு குண்டு வேறு என்கிறார் ஹமூத்,
நேற்றுவரை எனக்கு இரண்டும் ஒன்றுதான்.
தோட்டா முழுசும். குண்டு அதில் பறக்கிற பகுதி மட்டும்.
கூட்டுக்குள் கொள்வது ஒன்றரை கிராம் மருந்து.
எங்கள் மொழியில் வெடிப்பதற்கும் குணமாக்குவதற்கும்
அந்த ஒரே சொல்தான் என்றேன்.
டாக்டர் சிரிக்கவில்லை.
தராசைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தார்.

நூற்றெண்பது மான்கள், அறுபதுக்குப் போட்ட வேலி.
ஜூலையில் பேரீச்சை மரங்களை நார் நாராய் உரித்துத் தின்றன.
நின்ற இடத்திலிருந்தே குட்டிகளின் விலாவை எண்ணலாம்.
எண்ணினேன், அது என் வேலை.
இந்த வாரம் இருபது குறைய வேண்டும்.

பைஜு சேர்த்துவைத்த மலையாளப் பத்திரிகைகளை
இரவெல்லாம் ஊறப்போட்டிருந்தேன்.
ஈரத்தாள் கட்டு, மாமிசத்துக்கு மாற்று.

சிவப்பு பிளாஸ்டிக் மூக்கு வைத்தது முதல் பெட்டி,
நரிக்கும் முயலுக்கும் செய்தது.
மேல் இதழின் விளையாட்டுப் பக்கத்தைத் தாண்டாமல்
பொடியாகக் கிடந்தது.
"தோலைக் கிழிக்கும், உள்ளே போகாது.
அதை வாங்கிக்கொண்டு மான் மூன்று நாள் நடக்கும்."
டாக்டர் பெட்டியை மூடி என் பக்கம் தள்ளினார்.

இரண்டாவது நீளம், நல்ல கனம்.
குழலின் முறுக்கு அதற்குப் போதவில்லை,
தள்ளாடிப் போய்ப் பக்கவாட்டில் விழுந்து
சாவித்துளை மாதிரி ஓர் ஓட்டை போட்டது.
ஹமூத் அரபியில் ஏதோ சொன்னார், கெட்ட வார்த்தையாகத்தான் இருக்கும்.

மூன்றாவது முழுச் செம்பு.
கறி எங்கள் கேம்ப்புக்கு வரப்போவதால்
ஈயம் இல்லாதது நல்லது என்றார்கள்.
தாள் தாளாகப் பிரித்துத் தேடினேன்.
கட்டின் அடியில்,
ஃபிளாட் விளம்பரத்துக்கும் மரண அறிவிப்புக்கும் இடையில்,
நான்கு இதழ் விரிந்து நின்றிருந்தது.
உள்ளங்கையில் வைத்தால் வெதுவெதுப்பு.

ஆனால் செம்பு விரிய வேகம் வேண்டும்,
மருந்தோ கொஞ்சம்.
நூறு மீட்டருக்குள் என்றால் சரி,
அதற்கு மேல் ஊசி மாதிரி புகுந்து போய்விடும்.
டாக்டர் அட்டவணையில் விரல் வைத்தார்.
"நூறுக்குள் எப்படி? டொயோட்டாவைக் கண்டாலே
முந்நூறு மீட்டர் ஓடுகிறது சனியன்" என்றார் ஹமூத்.

கொஞ்ச நேரம் ஏசி மட்டும் பேசியது.
பிறகு இருவரும் சுவரைப் பார்த்தார்கள்.
ஆணியில் என் வாளி,
பழைய பெயின்ட் வாளி, தட்டுவதற்கு உள்ளே ஒரு மரக்கட்டை.
கேட்கவில்லை. கேட்டிருந்தால்
என்ன சொல்லியிருப்பேன் என்று தெரியாது.

விடிந்தும் விடியாத நேரம்.
வைக்கோல் கட்டுகளுக்குப் பின்னால் ஹமூத் குப்புறப் படுத்திருந்தார்.
பிஸ்மில்லா சொன்னது எனக்கே கேட்கவில்லை,
உதடு அசைந்தது.
மூன்று தட்டு, ஓர் இடைவெளி, இரண்டு தட்டு,
ஆறு வருடமாக அதே தாளம்.
முன்னால் வந்தது நாற்பத்தொன்று,
இடக்காதில் மஞ்சள் வில்லை, பல் தேய்ந்த கிழடு,
எப்போதும் அதுதான் முதலில்.

மற்றவை வேலிவரை சிதறின.
முக்கால் மணி நேரம் கழித்துத் தட்டச் சொன்னார்கள்.
தட்டினேன்.
வந்தன.

டாக்டரின் அட்டவணை ஐம்பது மீட்டரில் தொடங்குகிறது.
அதற்கு மேலே பேனாவால் ஒரு கோடு இழுத்து
இருபத்திரண்டு என்று எழுதினார்.
வேகத்துக்கான கட்டத்தை வெறுமையாக விட்டார்.

வாளியில் தீவனம் இருந்தது.
எவ்வளவு என்று யாரும் சொல்லவில்லை,
நானாகத்தான் விளிம்புவரை போட்டிருந்தேன்.