பிரிக்கும் தேதி

தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும்.
சூடு கூடினால் கையிலேயே இறுகிவிடும்,
ஆறிப்போனால் காத்துக் கிடக்க வேண்டும்.
வாளிக்குள் சுருளைச் சாய்த்துப் பிடித்து
குமிழி நிற்கும்வரை எண்ணுவேன்.
பத்தொன்பது வருடமாக எண்ணுகிறேன்,
எண்ணாமல் செய்ய இன்னும் வரவில்லை.

சயானில் மாநகராட்சி ஆஸ்பத்திரி,
தரைத்தளத்தில் ஜன்னலில்லாத அறை.
ஜூலையில் எதுவும் காயாது,
சுவரும்தான்.
காலையில் போட்ட கட்டை மாலையில் தட்டினால்
சுடாத பானையின் சத்தம்.
ஆகஸ்டில் கோவிந்தாக்கள் வருவார்கள்:
ஏழாம் அடுக்கிலிருந்து விழுந்த பொடியன்,
அவன் யார் மேல் விழுந்தானோ அந்த மூன்று பேர்,
தலைமுடியெல்லாம் தயிர்.
"கட்டைவிரலை மட்டும் விட்டுடுங்க, போன் பாக்கணும்."
விட்டிருக்கிறேன்.

எல்லாரிடமும் முதலில் கேட்பது ஒன்றுதான்.
துக்தய் கா?
வலிக்கிறதா என்று மராத்தியில்.
என் காதில் அது இன்றைக்கும்
துக்கமா என்றே விழுகிறது.
ஆமாம் என்கிறார்கள்.

வழுக்கி விழுகிறவர்கள் உள்ளங்கையை ஊன்றுவார்கள்,
பெரும்பாலும் மணிக்கட்டு போகும்.
அடிக்குக் குறுக்கே கையைத் தூக்கியவர்களுக்கு
முன்கையின் நடுவில்,
சுண்டுவிரல் பக்கத்து எலும்பு.
சீட்டில் இருப்பது
பாத்ரூமில் வழுக்கி என்றுதான்.
நான் டாக்டர் இல்லை.
சீட்டு சொல்கிற இடத்தில் கட்டுவேன்.

ஜபாகானி, பெண், 34 என்றிருந்தது ஒரு சீட்டு.
"ஜெபக்கனியா?" என்றேன்.
படக்கென்று நிமிர்ந்தாள்.
கதவோரம் நின்ற புருஷனிடம்
பஞ்சுச் சுருள் தீர்ந்துபோச்சு,
வெளியே மெடிக்கலில் வாங்கிட்டு வாங்க என்றேன்.
அலமாரியில் பதினாறு இருந்தன.

பஞ்சு, பிறகு மாவுச்சுருள்,
முழங்கையை மடக்கி, மேலே பாதிப் புயம்வரை.
"சுடுதுண்ணே."
"இறுகுறப்ப சுடும். ஆறிரும்."
"எத்தன நாளு?"
"ஆறு வாரம்."
"தண்ணி படக்கூடாதுல்லா?"
"படக்கூடாது."
"பாரம் தூக்கக்கூடாதுல்லா?"
"ஒண்ணும் தூக்கக்கூடாது."
அவள் சற்று நேரம்
மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
என் உள்ளங்கைகளுக்கு நடுவில்
அவள் கை கல்லாகிக்கொண்டிருந்தது.
"கட்டோட இருக்கைல கை வைக்க மாட்டாவ.
போன தடவையும் அப்படித்தான்.
எட்டு வாரம்னு எழுதுங்கண்ணே."

எட்டு வாரத்தில் முழங்கை என்னவாகும்?
மழைக்காலம் முழுக்கத் திறக்காத
இரும்புக் கேட்டின் கீல்.
மறுபடி மடக்கி நீட்ட மாதக்கணக்கில் அழவேண்டும்.
டாக்டர் பார்த்தால் கத்துவார்.
கத்தட்டும் என்று சொல்ல
எனக்கு என்ன உரிமை, அதுவும் தெரியவில்லை.

கட்டின்மேல் மார்க்கரால் இரண்டு தேதி போடுவது வழக்கம்,
கட்டியது, பிரிக்கவேண்டியது.
முதல் தேதியைப் போட்டேன்.
புருஷன் பஞ்சோடு வந்தான்.
மீதிச் சில்லறையை எண்ணி
எதற்கோ என்னிடம் நீட்டினான்.
"வெச்சுக்கங்க" என்றேன்.
இரண்டாவதையும் போட்டேன்.
கட்டில் சின்ன விரிசல் விழுந்தாலும்
இங்கே ரிஜிஸ்டரில் ஏறும் என்றேன்,
அப்படி ஒரு ரிஜிஸ்டர் கிடையாது.

பிரிக்கிற ரம்பம் சுழலாது, நடுங்கும், அவ்வளவுதான்.
பயப்படுகிற பிள்ளைகளுக்கு
என் உள்ளங்கையில் ஓடவிட்டுக் காட்டுவேன்.
கூடவே நடுங்குவதை அது வெட்டாது,
விறைத்து நிற்பதைப் பிளக்கும்.
அவளுக்கும் காட்ட வேண்டுமோ என்னவோ.
போன தடவை பார்த்திருப்பாள்.

செப்டம்பர் இருபத்தைந்து என்று எழுதியிருக்கிறேன்.
வீட்டுக்கு வந்து காலண்டரைப் பார்த்தால்
அன்று எனக்கு வார ஓய்வு.
தத்தாராமிடம் மாற்றிக் கேட்டிருக்கிறேன்.
எதுக்கு என்றான்.
ஊரிலிருந்து ஆள் வருது என்றேன்.