இடது கை

ஊசி போட்டுக்கொண்டது ஒரு வியாழக்கிழமை.
ஸ்ரீராமபுரம் மாநகராட்சிப் பள்ளி, மூடிக் கிடந்த இரண்டாம் வகுப்பு.
கரும்பலகையில் யாரோ கன்னடத்தில் எழுதிய எட்டாம் வாய்ப்பாடு
எட்டேழு ஐம்பத்தாறோடு நின்றிருந்தது,
ஒரு வருஷமாக.
இடது தோளைக் காட்டினேன்.
வலது கைக்கு வேலை இருந்தது.

"வீட்டுக்காரர் வரலையா?" ஆஷா ரத்னம்மா கேட்டாள்,
நோட்டில் என் பெயரைத் தப்பாக எழுதியபடி.
சவாரிக்குப் போயிருக்கிறார் என்றேன்.
நம்பர் கேட்டாள். சொன்னேன்.

ஏகாம்பரம் ஊசிக்கு எதிரி என்று
ஒரே வரியில் சொல்லிவிடலாம். தெருவே சொல்கிறது.
தம்பி கதிர்வேலு முதல் ஊசி போட்ட ஒன்பதாம் நாள்
விக்டோரியா ஆஸ்பத்திரியிலிருந்து ஜிப் வைத்த பையில் வந்தான்.
முகம் பார்க்க மூன்று விரல் அகலம் திறந்தார்கள்.
ஊசியாலா, ஊசிக்கு முன்பே உள்ளே புகுந்துவிட்டதாலா?
டாக்டர் இரண்டாவதைச் சொன்னார், நடந்துகொண்டே.
இவர் முதலாவதைப் பிடித்துக்கொண்டார்.
பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டுமில்லையா.

பாலத்தடி டீக்கடையில் தினமும் வழக்கு.
மரக்கடை பாஷா மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிவிட்டு
மாஸ்க் போடாதவனைத் திட்டுவார்.
ஒருவருக்குக் கஷாயம், ஒருவருக்கு வெளிநாட்டுச் சதி,
ஒருவருக்கு எல்லாம் டிவிக்காரன் கட்டிய கதை.
ஒருநாள் கிளாஸ் உடைந்தது.
இருபது வருஷம் ஒரே ஸ்டாண்டில் ஆட்டோ போட்ட நாகேஷ்
அதற்கப்புறம் எதிர்ச்சாரியில்தான் நிறுத்துகிறார்.

எனக்கு நம்பிக்கை என்று பெரிதாக ஒன்றும் கிடையாது.
பீண்யா கார்மெண்ட்ஸில் சீட்டு காட்டாமல் கேட் திறக்காது.
இரண்டு பயம் இருந்தது.
சம்பளம் கொடுக்கிற பயத்தை எடுத்துக்கொண்டேன்.

ராத்திரி கை கனத்தது, ஊறப்போட்ட ஜமுக்காளம் மாதிரி.
குக்கரை ஒற்றைக் கையால் இறக்கினேன்.
மாத்திரையை மோரோடு விழுங்கினேன்.
யாருக்கும் தெரியாமல்
விரல் மடக்கி எண்ணத் தொடங்கினேன்:
வியாழன் ஒன்று, வெள்ளி இரண்டு.

ஞாயிற்றுக்கிழமை, பெண்ணின் பாடம் வந்ததா என்று
அவர் போனைத் திறந்தேன்.
என் பெயர். அதே தப்பு எழுத்து.
முதல் தவணை, காலை பதினொன்று நாற்பத்திரண்டு.
ரேஷனுக்கு, கேஸுக்கு, பள்ளிக்கூடத்துக்கு
சொல்லிச் சொல்லிப் பழகிய வாய்
அவர் நம்பரையே கொடுத்திருக்கிறது.
செய்தி ஏற்கெனவே திறந்து படிக்கப்பட்டிருந்தது.

அப்போதுதான் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது.
வியாழன் சாயங்காலம் சொல்லாமலே இரண்டு குடமும் நிரம்பியிருந்தது.
படுக்கையில் என் இடப்பக்கம் எப்போதும் அவர் இடம்;
அன்றைக்குச் சுவரோரம் மாறிக்கொண்டார், காற்று வருதாம்.
நடுராத்திரி நெற்றியில் ஒரு உள்ளங்கை
வந்தது, இருந்தது, போனது.

சண்டைக்குக் காத்திருந்தேன். வரவில்லை.
திங்கட்கிழமை பால் வாங்கப் போனபோது
டீக்கடையில் அவர் குரல்:
"எங்க வீட்ல ஒருத்தரும் போடமாட்டோம், எழுதி வெச்சுக்கோ."
என்னைப் பார்த்தார்.
குரல் ஒரு படி இறங்கியது,
பிறகு இரண்டு படி ஏறியது.

வெள்ளிக்கிழமை, ஒன்பது.
தலைவலி என்று சூப்பர்வைசரிடம் லீவு சொல்லியிருந்தேன்.
அவரும் வண்டியை எடுக்கவில்லை.
பேட்டரி போச்சு என்றார்.
வாசற்படியில் உட்கார்ந்து ஒரு கிலோ வெங்காயம் உரித்தார்,
அரைக்கிலோ போதும் என்ற பிறகும்.
நான் இருமினால் கத்தி நின்றது.
ஒருமுறை சும்மாவே தொண்டையைச் செருமிப் பார்த்தேன்.
பாவம், விரலை வெட்டிக்கொண்டார்.

தெருவிளக்கு எரிந்ததும் எழுந்தார்.
"ஒரு ரவுண்டு போய்ட்டு வரேன்."
பேட்டரி என்னாச்சு என்று நான் கேட்கவில்லை.
சாவியைத் திருப்பினார்.
முதல் திருப்பிலேயே வண்டி கிளம்பியது.