போதிய இருப்பு இல்லை

டுலூத் மருந்துக்கடையில்
இரவுக் கல்லா என்னுடையது.
சூயிங்கத்துக்கும் பேட்டரிக்கும் நடுவே
கொக்கியில் தொங்கும் அட்டைகளில் பணம் கிடையாது.
போட்டால்தான் உண்டு.

மார்லிஸ் வந்தது நவம்பரில்.
ஏரிக்காற்றும் கூடவே நுழைந்தது.
மூன்று அட்டைகளைக் கழற்றிச்
சீட்டுக்கட்டு மாதிரி பரப்பினாள்,
முதுகுப்புறத்துப் பொடியெழுத்தை
என் கண்ணாடியை இரவல் வாங்கிப் படித்தாள்.

நான் சொன்னேன்:
நீலத்துக்கு மாதம் ஐந்து டாலர்,
சம்பளம் நேராக அதில் விழுந்தால் அதுவும் இல்லை.
பச்சைக்கு மாதக் கட்டணம் கிடையாது,
தேய்க்கும் ஒவ்வொரு தடவையும் ஒரு டாலர்.
தங்கநிறத்தை விடுங்கள்,
பளபளப்புக்கே பத்து வாங்குகிறான்.
எதுவானாலும் இங்கே பணம் ஏற்ற
நாலு டாலர் தொண்ணூற்றைந்து காசு.
இருபது இருபதாக ஏற்றாதீர்கள்,
சுண்டைக்காய் கால் பணம் சுமைகூலி முக்கால் பணம்.
பெட்ரோல் பம்பில் செருகவே செருகாதீர்கள்,
பத்து டாலருக்கு நூறைப் பிடித்துவைத்துக்கொண்டு
மூன்று நாள் கழித்து விடுவான்.
உள்ளே போய்க் கொடுங்கள்.

எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு
"எது, செலவான இடத்தைச் சொல்லும்?" என்றாள்.

நீலம்.
தேய்த்த மறுநொடி போனில் ஒரு வரி வரும்.

ஒரே கணக்கு, இரண்டு அட்டை.
ஒன்று அவள் கோட்டுப் பையில்.
மற்றது தபாலில் போனது, ஃபார்கோவுக்கு,
யாரோ ஒருவர் வீட்டு சோபாவில் படுத்திருந்த
அவள் மகன் கெர்ட்டுக்கு.

வெள்ளிதோறும் வந்தாள்.
இருபது டாலர்தான், அதே இருபது.
சுமைகூலி பேச்சை நான் நிறுத்திவிட்டேன்.
சில நாள் போனைத் திருப்பிக் காட்டுவாள்:
ஃபார்கோ, காபி, இரண்டு பத்தொன்பது.
பில்லிங்ஸ், சலவை இயந்திரம், மூன்று.
மிசூலா, காலுறை, நாலு ஐம்பது.
"காலுறை," என்றாள் இரண்டு முறை,
என்னிடம் அல்ல.

பிப்ரவரி முழுக்க ஒரே வரி:
மாதக் கட்டணம், ஐந்து டாலர்.
மார்ச்சிலும் அது மட்டும்
சொன்ன தேதிக்கு வந்துவிட்டது.
உள்ளே நூற்று அறுபத்தெட்டு சும்மா கிடக்கிறது,
இந்த வாரம் விட்டுவிடலாமே என்றேன்.
இருபதை என் பக்கம் தள்ளினாள்.

அடுத்தது செவ்வாய்க்கிழமை.
பனிச்சேற்றில் வீட்டுச் செருப்போடு,
போனை முன்னால் நீட்டிக்கொண்டு வந்தாள்:

ஸ்போகேன், பேருந்து நிலையம், இருநூற்றுப் பதினான்கு டாலர்.
நிராகரிக்கப்பட்டது. போதிய இருப்பு இல்லை.

இவ்வளவு சந்தோஷமாக
இந்த வரியை யாரும் என்னிடம் காட்டியதில்லை.

முப்பது ஏற்றச் சொன்னாள், பிறகு ஐம்பது,
அவன் வழியில் சாப்பிட வேண்டாமா என்று எழுபது.
கூலியைச் சில்லறையில் எண்ணி வைத்தாள்.
கிழக்கே வரும் பேருந்தா, இன்னும் மேற்கே போவதா,
அந்த வரியில் அது இல்லை.
நானும் கேட்கவில்லை.

ரசீதைக் கிழித்துக் கொடுத்தேன்.
கீழே அச்சாகியிருந்தது:
பணம் சேரப் பத்து நிமிடம் வரை ஆகலாம்.
வாழ்த்து அட்டைகள் வரிசையருகே போய் நின்றாள்,
எதையும் எடுக்காமல்.