அறுப்பதற்கு முன்

சங்கிலிக்கு ஒரு நற்குணம் உண்டு.
எந்தக் கண்ணியிலும் அறுக்கலாம்,
மறுபடி கோத்துக்கொள்ளலாம்.
பட்டை அப்படியில்லை.
பிறக்கும்போதே வட்டம், மூட்டே கிடையாது.
அது உள்ளே வரவேண்டுமென்றால்
சைக்கிள்தான் பிளந்து வழிவிட வேண்டும்.

"நிஜமாகத்தானா, எலினெட்?"
கெத்தின் மூன்று முறை கேட்டான்
இரும்பறுக்கும் வாளோடு.
கோரிஸில் அன்றும் மழை.

பதினோரு ஆண்டு
என்னை மலையேற்றி இறக்கிய எஃகுச் சட்டம்
பின்சக்கரத்துக்கு வலப்புறம்
ஒரு விரற்கடை திறந்தது.
குழாய்க்குள்
பழைய மழைகள், துருவாக.

வெட்டிய இடத்தில்
இரண்டு திருகில் மூடும் கதவொன்றைப் பற்றவைத்தான்.
கறுப்புப் பட்டையை நுழைத்து, இழுத்து,
தந்திபோல் சுண்டினோம்.
கைபேசி காதுகொடுத்து எண் சொன்னது: நாற்பத்தொன்று.
போதாது.
இன்னும் கொஞ்சம் இறுக்கி
இன்னொரு சுண்டு.

மறுநாள் ஸ்லேட் கழிவுமேட்டுப் பாதையில் ஏறினேன்.
கெண்டைக்காலில் கறுப்புப் பல்தடம் இல்லை,
மசகு இல்லை, மண்ணை மெல்லும் நறநற இல்லை.
ஆடுகள் தலை தூக்கவே இல்லை.
பக்கத்தில் போனதும் பதறிச் சிதறி
தூரத்தில் நின்று
திருடியைப் பார்ப்பதுபோல் பார்த்தன.

அந்த அமைதியில்தான் கேட்டது,
இத்தனை நாள் சங்கிலி மறைத்துவைத்திருந்த
சின்னதாய் ஒரு கிறீச்.

இருக்கைத் தண்டா? இறுக்கினேன்.
மிதிகட்டையா? கழற்றி மாட்டினேன்.
கிறீச்.

சைக்கிளை ஈரப் புல்லில் கிடத்திவிட்டு
நாலடி நடந்துபார்த்தேன்.
கிறீச்.

இடது முழங்கால்.

கெத்தினிடம் இன்னும் சொல்லவில்லை.
வாள் அவனிடம்தான் இருக்கிறது.