நகரை, முப்பத்திரண்டு கிலோ

கையகல ஃபிளாஷ். நாலு பேட்டரி.
மதுரையில் வாங்கிய வெள்ளைக் குடை ஒன்றும் இருந்தது.
போன ஆடிக் கச்சானில்
ஒரு மாப்பிள்ளை அழைப்பின் நடுவே
பிய்த்துக்கொண்டு தென்கடல் பார்த்துப் போய்விட்டது.
யாராவது வலையில் எடுத்திருப்பார்கள்.
என்னவென்று நினைத்தார்களோ.

இன்று சின்னப்பாலத்தில் நிச்சயம்.
பெண் நம்புச்செல்வி,
கஞ்சிப்பாசி எடுக்க முங்குகிறவள்.
நெற்றியில் தொடங்கிக் கன்னம் சுற்றி
முங்குகண்ணாடி பதித்த வளையம்
பவுடருக்குள் அடங்காமல் நின்றது.

முதல் படத்தை நேராக அடித்தேன்.
அவசரம், வேறொன்றுமில்லை.
மூக்கு நுனி புதுக்காசாய்ப் பளபளக்க,
பின்சுவரில் கரியவள் ஒருத்தி
இவள் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள்.
மாப்பிள்ளையின் அம்மா எட்டிப் பார்த்து
"கொஞ்சம் வெளுப்பாப் போடுங்க தம்பி" என்றார்.

வெளுப்பு இல்லை அம்மா, நான் தேடுவது.
சின்ன விளக்கு நேரே வந்தால்
வட்டிக்காரன் வாசலில் நிற்பது போல.
எங்கேயாவது போய் முட்டி,
அகன்று,
கோபம் தணிந்து திரும்பி வரவேண்டும்.
ஃபிளாஷின் கழுத்தை மேலே திருப்பினேன்.
மேலே சுண்ணாம்புக் கூரை இல்லை.
நீலத் தார்ப்பாய்.

படத்தைப் பார்த்ததும்
திரையை உள்ளங்கையால் மூடிக்கொண்டேன்.
உதடு நீலம். இமை நீலம்.
மூன்று நாள் கழித்துக் கரையொதுங்கும் முகத்தின் நிறம்
இந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும்.
அழித்தேன்.
அழிந்ததா என்று இன்னொருமுறை பார்த்தேன்.
"என்னண்ணே, கண்ண மூடிட்டனா?"
ஆமாம் என்றேன்.

வெள்ளையாக என்ன இருக்கிறது இந்த வீட்டில்?
சுவர் பச்சை. வேட்டியெல்லாம் ஆள்மேல்.
பந்தலுக்குப் பின்னால் கம்பெனி வண்டிக்காக
ஐஸ் பெட்டிகள் அடுக்கிக் கிடந்தன.
பெண்ணின் தம்பி களஞ்சியம்
ஒரு தெர்மாக்கோல் மூடியைத் தூக்கி வந்தான்.
கறுப்பு மையில் 'நகரை 32 கிலோ'.
ஓர் ஈயும் கூடவே வந்தது.

எழுத்துப் பக்கம் வெளியே இருக்கட்டும் என்றேன்.
முகத்துக்கு ஒரு முழம் தள்ளி,
இடப்பக்கம், கொஞ்சம் உயரே.
ஃபிளாஷ் மூடியைப் பார்க்க
மூடி அவளைப் பார்க்க
பதினாறில் ஒரு பங்கு வெளிச்சம் போதும்.
"ஆடாதடா."
"ஈ, அண்ணே."
"ஈய விடு."

அடித்தேன்.

வத்தத்தில் எது கரை எது கடல் என்று
கால் நனையும்வரை தெரியாதே,
அப்படிக் கன்னத்திலிருந்து காதுவரை
ஒரு நிழல், விளிம்பில்லாமல்.
கறுப்பு கறுப்பாகவே இருந்தது.
பவுடர்தான் எங்கோ போய்விட்டது.
கண்ணாடி வளையம் மட்டும் பக்க வெளிச்சத்தில்
மெல்ல எழுந்து நின்றது.

"அந்தக் கோடு?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.
மூடியை நேரே கொண்டுவந்தால் அமுங்கிவிடும் என்றேன்.
பொய்யில்லை. அமுங்கும்.
நம்புச்செல்வி கேமராவை வாங்கி
மடியில் வைத்துக் குனிந்து பார்த்தாள்.
வெகுநேரம்.
பாயசம் ஆறிக்கொண்டிருந்தது.
"மேல வந்து மொத மூச்சு விட்ட மாதிரி இருக்கேன்.
இருக்கட்டும்" என்றாள்.
பிறகு, எனக்கு மட்டும் கேட்கும்படி,
"கை மட்டும் வேணாம்ணே."
பாறை கிழித்த விரல்கள்
முந்தானைக்குள் போயின.
சட்டத்தை மார்போடு நிறுத்தினேன்.

ராத்திரி மண்டபத்தில்
படத்தைப் பெரிதாக்கினேன். இன்னும் பெரிதாக்கினேன்.
இரண்டு கருவிழியிலும் ஒரு வெள்ளைச் சதுரம்.
சதுரத்தின் ஓரத்தில் களஞ்சியத்தின் கட்டைவிரல்.
நடுவே தலைகீழோ இடவலமோ
புரியாத கறுப்புக் கிறுக்கல்.
எழுத்தை உள்ளே காட்டிப் பிடித்திருக்கிறான் பயல்.
துடைத்துவிடலாம், ஒரு நிமிட வேலை.
ஆல்பத்தில் யாருக்கும் தெரியப்போவதில்லை,

இடக்கண்ணில் மட்டும்
அந்த ஈ.