வழியில்

வெள்ளிக்கிழமை மூன்றரைக்கு மேல்
செக் எழுதுவதுதான் என் முதலீடு.
பீச் ஸ்ட்ரீட் வங்கி கதவடைக்கும் நேரம்.
சனி, ஞாயிறு, திங்கள்
என்னை விட்டுப் போயும்
லிம் கணக்கில் சேராத
நாலாயிரத்து இருநூறு வெள்ளி
எனக்கே உழைக்கும்.
அதற்குள் சௌரஸ்தா கடைகளில்
எட்டு மூட்டை வெங்காயம் தள்ளிவிடுவேன்.
செவ்வாய் காலை பணம் இருக்கும்,
பெரும்பாலும்.

நேற்று கவுண்டரில் தனேஸ்வரி
என் போனில் எதையோ இறக்கித் தந்தாள்.
“இனிமே உடனுக்குடன், அண்ணே.”

கடைக்கு வந்து தொட்டுப் பார்த்தேன்.
விரலை எடுக்கவில்லை,
எதிர்க்கடையில் லிம்மின் போன் கூவியது.
கல்லாவிலிருந்தே கைதூக்கிக் காட்டினான்.

‘பணம் வழியில இருக்கு’ என்று
இருபது வருஷமாய்ச் சொன்ன வாய்.
இனிச் சொல்ல வழியில்லை.

மாலையில்
எனக்குத் தரவேண்டிய பட்டர்வொர்த் மாசிலாமணி:
“அப்பவே போட்டாச்சே, இன்னுமா வரல?”
சிரித்தேன்.
அந்தப் பக்கம் கொஞ்சம் மௌனம்,
பிறகு அவனும்.

வெங்காயம் மட்டும்
நிஜமாகவே வழியில் இருந்தது,
பாலத்து நெரிசலில்,
லாரியோடு.