எட்டில் ஐந்து

தரம் ஆறு, மூன்றாம் பாடவேளை.
மூன்று நிறத்தில் அட்டை கொடுத்தேன்.
எது இலகு என்று நான் சொல்லவில்லை,
மஞ்சள் கிடைத்த பிள்ளைகள்
குனிந்துகொண்டார்கள்.

பச்சைக்காரருக்கு முன்னால்
வெள்ளரிக்காய், எட்டு வட்டம்.
திருமலைக் கோட்டைப் பக்கத்து மான் ஒன்று
அரைச்சுவருக்கு மேலால் கழுத்தை நீட்டி
மூன்றைத் தின்றது.

கூச்சல். தும்புத்தடி. யாரோ மேசைக்கு மேல்.

"எட்டில அஞ்சு மிச்சம், ரீச்சர்."
மஞ்சள் அட்டை லக்சிதன்.
அரையைவிடக் கூடவா, குறைவா?
நாலை ஒதுக்கினான்,
ஒன்றை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தான்.
"இவ்வளவு கூட."

அது பச்சை அட்டையின் கடைசிக் கேள்வி.

பாடக்குறிப்பில் எழுதினேன்:
உபகரணம் – வெள்ளரி ஒன்று, மான் ஒன்று.
அதிபர் கையெழுத்து வைப்பாரோ தெரியாது.
அந்தத் துண்டை
அவன் உப்பில்லாமலே தின்றான்.